தட்டை நான்தான் எடுப்பேன்

சரவணா,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நேற்று போனில் பேசிய குரலிலேயே நீ நலமாக இருப்பது தெரிந்தது. பெங்களூரில் குளிர் நன்றாக இருக்கிறது, நிவேதாவோடு உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் பார்த்தாயிற்று, ஆபீஸில் லீவு கிடைத்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். போனை வைக்கிற நேரத்தில், ஏதோ மறந்து போனதைச் சொல்கிறவன் மாதிரி இன்னொன்றும் சொன்னாய். "அம்மா, கல்யாணத்தன்னைக்கு நீ ஸ்ட்ரெயின் பண்ணிக்காத. முன்னாடி வரிசையில சேர் போட்டு உக்காந்து பாரு. கூறைப் புடவைத் தட்டை அத்தை எடுத்துக்கட்டும். அப்பாகிட்டயும் பேசிட்டேன்." அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் 'சரிம்மா, சரிம்மா' போட முடியாது. கல்யாணப் பிள்ளைக்கு அம்மா எழுதுகிற வாழ்த்துக் கடிதம் என்று நினைத்துப் பிரித்திருந்தால், அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடு. வாழ்த்து உண்டு, கடைசியில் வரும். அதற்கு முன்னால் உன்னிடமும் உன் அத்தையிடமும் நான் தீர்த்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கூறைப் புடவைத் தட்டை மாப்பிள்ளையின் அம்மா எடுத்துப் பெண் கையில் கொடுப்பதுதான் நம் வழக்கம். உன் அம்மா செத்துப்போகவில்லை. அஸ்தினாபுரத்தில், வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

குடல் அடைத்துக்கொண்டு நான் சுருண்டு விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதையும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கவில்லை. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், ஆளை நிற்க வைத்து, உட்கார வைத்து, எங்கே துணி கட்டுவீர்கள் என்று கேட்டு, வயிற்றில் பேனாவால் ஒரு குறி போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்களாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண் விழித்தபோது வயிற்றின் இடது பக்கம், சரியாக நான் பாவாடை நாடா கட்டுகிற கோட்டில், சிவப்பாகச் சின்னதாக ஒரு வாய் வெளியே தெரிந்தது. அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பை. ஸ்டோமா என்றார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான், கடைசி வரைக்கும் என்றார்கள். உயிரோடு இருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அப்போது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

கோபத்தை ஆரம்பித்து வைத்தவள் உன் அத்தை மல்லிகா. உன் அப்பாவின் தங்கை என்பதால் இத்தனை வருஷமும் அவள் வாயை நான் பொறுத்துக்கொண்டேன். கோவிலம்பாக்கத்தில் அவர்கள் வயலெல்லாம் அடுக்கு வீடாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் தெருவில் நடந்தால் இருபக்கமும் தன் வரப்பு என்கிற நடை அவளுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தாள். கட்டில் பக்கத்தில் வரவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "இன்னா அண்ணி, இனிமே உனக்கு நைட்டிதான். பொடவை கட்டிக்கினு எங்க போவப் போற?" என்றாள். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் புடவைக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிற என்னைப் பார்த்துச் சொன்னாள். உன் அப்பா சிரித்தார். அவருக்குத் தங்கை எது சொன்னாலும் சிரிப்புதான்.

அடுத்தது நீ. நான் வீட்டுக்கு வந்த கையோடு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாய். பெட்டி நிறைய பை. "இம்போர்ட்டட்மா. டாப் ரேட்டிங். எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க" என்றாய். பெரிய பெட்டியாக வாங்கினால் அடிக்கடி அலைய வேண்டாம் என்று விளக்கமும் சொன்னாய். எழுதிய அந்த எல்லாருக்கும் என் வயிறா இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருக்கிறானே என்று பெட்டியைத் தடவிப் பார்த்து பீரோவில் வைத்தேன். அது இரண்டு துண்டாக வருகிற வகை. ஒட்டுகிற பகுதி தனி, பை தனி. ஒட்டுகிற பகுதியில் கெட்டியாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அதில் பையை அழுத்தி மாட்ட வேண்டும். ஒட்டினதை எடுக்காமல் பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பல பேருக்கு அது ரொம்ப சௌகரியம். நின்றால் எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் என் வயிறு மடியும். வளையம் மடியாது. நீ என்னை ஒரு தடவையாவது உட்காரச் சொல்லிப் பார்த்தாயா?

இனி உன் நிச்சயதார்த்தம். பள்ளிக்கரணையில் நிவேதா வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரையும் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். நான் பிடிவாதமாகப் புடவை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். நாடாவைப் பைக்கு மேலேயே இறுக்கிக் கட்டியிருந்தேன், வேறு எப்படிக் கட்டுவது என்று அப்போது தெரியாது. ஐயர் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நான் குனிந்து தட்டில் கை வைத்தேன். இடுப்பில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. வளையம் ஒரு பக்கம் கிளம்பிவிட்டது என்று புரிந்துகொள்வதற்குள் வாசனை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மல்லிகா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு சும்மா இருந்தாளா? என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். சம்பந்தியம்மாவைப் பார்த்து, ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அண்ணிக்கு ஆபரேசன் ஆயிருக்குதும்மா. வயித்துல பை கீது. நல்ல காரியம், அந்தக் கையால தட்டைத் தொடக் கூடாது பாரு. நான் எடுத்துக்கறேன்."

உன் அப்பா ஃபேனைப் பார்த்தார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நீ வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்தாய். சம்பந்தியம்மா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய், குளியலறையைக் காட்டி, தன்னுடைய நைட்டி ஒன்றைக் கொடுத்தார். கிளிப் படம் போட்ட நைட்டி. அந்த அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் மல்லிகா சொன்ன நைட்டியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், என் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில், மூடின கதவுக்குப் பின்னால். வெளியே தட்டு மாற்றுகிற சத்தமும், அவள் சிரிப்பும், போட்டோக்காரர் 'மாப்பிள்ளையோட அம்மா இந்தப் பக்கம் வாங்க' என்று அவளைக் கூப்பிட்டதும் கேட்டன. அவள் 'நான் அத்தைங்க' என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கமே வந்து நின்றிருக்கிறாள். போட்டோவில் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்து கதவைத் தட்டினாய். என்னைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறாய் என்று எழுந்தேன். "அம்மா, கார் சொல்லிட்டேன். நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கறியா?" என்றாய். அத்தை தட்டைப் பிடுங்கினதைவிட, நீ கார் சொன்னதுதான் சரவணா எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. தெரிந்துகொள்.

காரில் ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டேன். உன் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, மேடை ஏறி, அந்தத் தட்டை நான்தான் எடுப்பேன். மல்லிகா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாமி புண்ணியம், மன அமைதி என்றெல்லாம் என்னிடம் பேசாதே. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது கஞ்சியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அந்தக் கோபம்தான்.

மறுநாள் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டோமா பார்க்கிற நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் ஒட்டினதை எடுத்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கியது. சுற்றிலும் தோல் வெந்து சிவந்திருந்தது. "ஓட்டை எந்த அளவுல வெட்டுறீங்க?" என்று கேட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் வரைந்து கொடுத்த அட்டையைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அதை வைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் பிசகாமல் வெட்டிக்கொண்டிருந்தேன். "ஐயோ, அது அப்போ வீங்கியிருந்தப்போ எடுத்த அளவும்மா. வீக்கம் வத்தி இப்போ சின்னதாயிடுச்சு. ஓட்டை பெருசா இருந்தா நடுவுல தெரியற தோலை மலம் அரிக்கும். அப்புறம் எதுவும் ஒட்டாது" என்றது. எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கல்யாணத்துக்கு முன் தைத்த ப்ளவுஸைக் கொண்டு வந்து, இதே அளவில் தையுங்கள் என்று இரண்டு பிள்ளை பெற்ற பிறகு நிற்கிற பெண்களை நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன். உடம்பு மாறிவிட்டதம்மா, டேப் போடுகிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்த நான், என் வயிற்றுக்குப் பழைய அளவு அட்டையை வைத்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வேலையை நான் யாரிடமும் விடவில்லை. உன்னிடமும் விடவில்லை, உன் பெட்டியை ஆஸ்பத்திரியில் கொடுத்து, பொருந்துகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் ஒவ்வொரு வகையிலும் ஒன்று சாம்பிள் கொடுத்தது. குரோம்பேட்டை சர்ஜிகல் கடையிலும் உதிரியாகக் கேட்டு வாங்கினேன். பெட்டியாகத்தான் வரும் என்று முகத்தைக் காட்டினார்கள். போட்டுப் பார்க்காமல் துணியே வாங்காதவள் நான், இதை வாங்குவேனா என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஒட்டிக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தேன், சம்மணம் போட்டேன், குனிந்து கோலம் போட்டேன். ப்ளவுஸ் ட்ரையல் பார்க்கிற மாதிரிதான். நிற்கும்போது பொருந்துகிறதா என்று பார்க்கிறவள் தையல்காரி இல்லை, கையைத் தூக்கும்போது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பொருந்தியது ஒரே துண்டாக வருகிற மெல்லிய வகை. வயிறு மடிந்தால் அதுவும் கூடவே மடிகிறது. என் ஸ்டோமா உயர்ந்து நிற்காமல் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது என்பதால், ஒட்டுகிற பக்கம் கொஞ்சம் குவிந்து அழுத்துகிற மாதிரி இருப்பதை நர்ஸ் எடுத்துக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொள்ள இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பெல்ட். பக்கத்தில் இருக்கிற மடிப்பை நிரப்ப, களிமண் மாதிரி பிசைந்து வைக்கிற வளையம் ஒன்று. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பை கொடுத்தது அவர்கள் உள்ளே பார்ப்பதற்காக, வீட்டில் எனக்கு அது எதற்கு? தோல் நிறத்தில், உள்ளே தெரியாததை எடுத்தேன். கீழே திறந்து காலி பண்ணி மடித்து ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் வெளியே போகிற இடத்தில் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. மேலே வாசனையைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விடுகிற சின்ன ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது இல்லாத பையை வைத்துக்கொண்டு திண்டாடினபோது, 'ஊசில ஒரு குத்து குத்து அண்ணி, காத்து பூடும்' என்று உன் அத்தை போனில் யோசனை சொன்னாள். குத்தினால் காற்று மட்டுமா போகும்? ஊசியைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாள்.

பழகப் பழகச் சில்லறை விஷயங்களும் கைக்கு வந்தன. காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால், வயிறு சும்மா இருக்கிற நேரத்தில் மாற்ற வேண்டும். சுற்றிலும் வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும், புண் ஆறட்டும் என்று நான் தேங்காய் எண்ணெய் தடவினது தப்பு, எண்ணெய் மேல் எதுவும் ஒட்டாது. எம்பிராய்டரிக்கு வைத்திருக்கிற வளைந்த கத்தரிக்கோலால் ஓட்டையை வெட்டினால் பிசிறு வருவதில்லை. ஒட்டின பிறகு உள்ளங்கைச் சூடு ஏறும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் பிடிப்பு நிற்கிறது. நம் ஊர் வேர்வைக்கு, லைனிங் துணியில் பைக்கு ஓர் உறை தைத்துப் போட்டேன், பிளாஸ்டிக் தோலில் ஒட்டுவது நின்றது. நாடா விஷயத்தை நர்ஸால் தீர்க்க முடியவில்லை, நானே தீர்த்தேன். நாடாவையே எடுத்துவிட்டு, அகலமான பட்டி வைத்து, ஸ்டோமாவுக்கு மேலே நிற்கிற மாதிரி பாவாடை தைத்தேன். இடது பக்கம் ஒரு திறப்பு விட்டு, பை பாவாடைக்கு வெளியே, கொசுவத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற மாதிரி செய்தேன். மேலே புடவை வந்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது.

அதோடு விட்டேனா? பூஜை அலமாரியிலிருந்து பித்தளைத் தட்டை இறக்கி, தேங்காய், பழம், ஒரு பழைய பட்டுப்புடவை எல்லாம் அடுக்கி, ஹாலிலிருந்து சமையலறை வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். தினமும் நடக்கிறேன். டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். பெல்ட் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்குங்கள், தண்ணீர்க் குடம் மட்டும் வேண்டாம் என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில், கூட்டத்தில் நின்றுகொண்டே போய், மேம்பாலம் ஏறி இறங்கி, கல்யாண மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. ஒரு நாள் தட்டும் கையுமாக நான் நடப்பதைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "என்ன பண்ற நீ?" என்று கேட்டார். "ஒத்திகை" என்றேன். "மல்லிகா மனசு கஷ்டப்படுமே" என்றார். "நல்லா படட்டும்" என்றேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மல்லிகா என் முன்னறைத் தையல் கடைக்கு வந்தாள். கையில் உன் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டு ப்ளவுஸ் துணி, கூடவே ஓர் அளவு ப்ளவுஸ். நிச்சயத்தில் தட்டைப் பிடித்ததிலிருந்து, மேடையிலும் தான்தான் தூக்குவேன் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள் இல்லையா, என் தையல்தான் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தட்டைத் தொடக் கூடாத கை, உன் ப்ளவுஸைத் தொடலாமா மல்லிகா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவளுக்கு வெட்கமெல்லாம் இல்லை. "அது வேற இது வேற அண்ணி. இந்த ஏரியாவுல உன்னை மாதிரி ஆரு தைக்கிறாங்க?" என்றாள். அளவு ப்ளவுஸை விரித்துப் பார்த்தேன். அவள் பெண் கல்யாணத்துக்கு நான் தைத்தது. அந்தப் பெண்ணுக்கே இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மல்லிகாவின் கையைப் பார்த்தேன், ப்ளவுஸின் கையைப் பார்த்தேன்.

அப்போதும் நான் தொழிலுக்குத் துரோகம் பண்ணவில்லை சரவணா. டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து, "அளவு எடுத்துக்கறேன் மல்லிகா, உடம்பு கொஞ்சம் மாறியிருக்கு" என்றேன். அவள் பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தாள் என்றால், நான் பக்கத்தில் போகப் போக, கதவு முதுகில் இடிக்கிற வரை நகர்ந்தாள். "இன்னாத்துக்கு அண்ணி அதெல்லாம்? நான் அப்படியேதான் கீறேன். இதே அளவுல தை, ஒரு நூலு மாத்தாத" என்றாள். பேசிக்கொண்டே முந்தானையை மூக்குப் பக்கம் கொண்டு போனாள். என் மேல் ஒரு வாசனையும் இல்லை. கடையில் அப்போது இருந்த இன்னொரு பெண்மணி, பாவம், எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தேன். "சரி மல்லிகா. நீ சொன்ன மாதிரியே தைக்கிறேன்" என்றேன்.

தைத்துவிட்டேன். அளவு ப்ளவுஸுக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கழுத்துக்கு அழகாக மணி கோத்திருக்கிறேன், என் கைவேலையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடித்தால் கொக்கி போட்டுவிடலாம், அந்த மட்டுக்குப் போகும். ஆனால் கைக்குழி பழைய கைக்கு வெட்டினது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் ராணி மாதிரி இருப்பாள். தேங்காய் வைத்த பித்தளைத் தட்டைத் தூக்க வேண்டும் என்றால் முடியாது. நெஞ்சுக்கு மேலே கை எழும்பாது. அவள் என்னிடம் ட்ரையல் பார்க்கிற வழக்கம் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்து நேராக முகூர்த்தத்துக்குத்தான் போடுவாள். ஐயர் 'பிள்ளையோட அம்மா தட்டை எடுங்கோ' என்பார். அவள் எடுக்கப் பார்ப்பாள். நான் பட்டுப்புடவையில் பக்கத்தில் நிற்பேன். எனக்கு இரண்டு கையும் நன்றாகத் தூக்க வரும்.

நீ பயப்படாதே, நான் அவ்வளவு பாவியும் இல்லை. உள் தையலில் பிரித்து விடுவதற்குத் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். ஊசி, நூல், சின்னக் கத்தரிக்கோல், எனக்கு வேண்டிய மாற்றுப் பை எல்லாம் என் கைப்பையில் இருக்கும். மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டால், பெண்கள் உடை மாற்றுகிற அறையில் கொஞ்ச நேர வேலைதான். ஆனால் அவள் வந்து கேட்க வேண்டும். 'அண்ணி, கொஞ்சம் பிரிச்சு வுடு' என்று வாயால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நிற்க வேண்டும். நல்ல காரியத்தன்று, நல்ல நேரத்தில், தட்டைத் தொடக் கூடாத இந்தக் கை அவள் அக்குளைத் தொடும், விலாவைத் தொடும். மூக்கைப் பொத்திக்கொள்ளக் கை தூக்க முடியாது. அவசரமில்லாமல் பிரிப்பேன். ஐயர் கூப்பிட்டதும் பாதியில் எழுந்துவிடுவேன், தட்டு மேடைக்குப் போகும், என் கையோடுதான் போகும். பாதி பிரித்த ப்ளவுஸோடு அவள் அறையில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னாலிருந்து நாதஸ்வரத்தைக் கேட்கட்டும். வேண்டுமானால் ஒரு நைட்டி கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உனக்கு ஒரு வாழ்த்து பாக்கி இருக்கிறது. நன்றாக இரு. நிவேதாவுக்கு எது வாங்கினாலும் அவளைக் கேட்டு வாங்கு. ஊர்க்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்காதே. ஒரு தடவை கேட்டுவிட்டோமே என்று இருந்துவிடாதே, கொஞ்ச காலம் போனதும் திரும்பக் கேள். மனுஷியின் உடம்பும் மாறும், மனசும் மாறும். பழைய அளவை வைத்துக்கொண்டு, இதுதானே உனக்குப் பிடிக்கும் என்று நிற்காதே. அவளுக்கு முடியாமல் போகிற நாள் வந்தால், பெட்டியோடு வராதே, வந்து பக்கத்தில் உட்கார். நாலு பேர் முன்னால் அவள் கையிலிருந்து யாராவது எதையாவது பிடுங்கினால், கார் சொல்லாதே.

இதைப் படித்ததும் உனக்குக் கை பரபரக்கும். அத்தைக்குப் போன் போட்டு, ப்ளவுஸை ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். அப்பாவிடம் சொல்லத் தோன்றும். நல்ல பிள்ளை நீ, யாருக்கும் சங்கடம் வரக் கூடாது உனக்கு. இந்த விஷயம் தெரிந்தது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான், அதனால் அவள் காதுக்குப் போனால் யார் சொன்னது என்று நான் விசாரிக்கவே வேண்டியதில்லை. பெரிதாக ஒன்றும் நான் கேட்கவில்லை சரவணா. பள்ளிக்கரணையில், என் கையிலிருந்து தட்டு போனபோது, வாட்ச்சைத் திருகிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாயே, அதையே இன்னொரு தடவை செய். இந்தத் தடவை எனக்காக.

உன் அம்மா